படம் வரலையா? பட்டனைக் காணோமா?

விண்ணப்பிக்க இன்றுதான் கடைசி நாள். பெயர், முகவரி, மதிப்பெண் எல்லாவற்றையும் போனிலேயே நிரப்பியாகிவிட்டது. கீழே இறங்கிப் பார்த்தால் ‘சமர்ப்பி’ பட்டனைக் காணோம். பாதி எழுத்து ஸ்க்ரீனுக்கு வெளியே நிற்கிறது. போட்டோ இருக்க வேண்டிய இடத்தில் கிழிந்த காகிதம் போல ஒரு சின்னச் சதுரம்.

இந்த நேரத்தில் நம்மில் பலர் இரண்டு காரியம் செய்வோம். ‘எனக்குத்தான் போன் பார்க்கத் தெரியலை’ என்று நம்மையே நொந்துகொண்டு பேரனையோ பக்கத்து வீட்டுப் பையனையோ தேடுவோம். இல்லாவிட்டால் பதற்றத்தில் கண்ணில் பட்டதையெல்லாம் தட்டிப் பார்ப்போம். முதலாவது தேவையில்லை. இரண்டாவது ஆபத்து.

ஒரு பக்கம் குலைந்து தெரிந்தால் கோளாறு மூன்றில் ஓர் இடத்தில்தான் இருக்கும். ஒன்று அந்த இணையதளம், இன்னொன்று உங்கள் போன், மூன்றாவது இரண்டுக்கும் நடுவே இருக்கும் நெட். எது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பந்தியில் பரிமாறுவது போலத்தான்

இணையப் பக்கம் என்பது ஒரே துண்டாக நம் போனுக்கு வருவதில்லை. கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். சாதம் கொண்டுவருபவர் ஒருவர், சாம்பாருக்கு ஒருவர், அப்பளத்துக்கு இன்னொருவர். அதேபோல எழுத்து முதலில் வரும். ஒவ்வொரு படமும் தனித்தனியாகப் பின்னால் வரும். உப்பு எங்கே, ஊறுகாய் எங்கே, பாயசம் எங்கே என்று இலையில் இடம் சொல்லும் குறிப்பு தனிக் கோப்பாக வரும். அதற்குப் பெயர் சிஎஸ்எஸ்.

ஒருவர் வாளியோடு வராவிட்டால் அந்தப் பதார்த்தம் மட்டும் இலையில் இருக்காது. படம் மட்டும் வராமல் போவது அப்படித்தான். இடம் சொல்லும் ஆளே வராவிட்டால்? எல்லாம் ஒரே இடத்தில் குவியும். பட்டன், மெனு, எழுத்து எல்லாம் இடது ஓரத்தில் வரிசையாக, நீல நிறச் சுட்டிகளோடு வெறுமையாகத் தெரிகிறதே, அது இதனால்தான்.

எழுத்து ஸ்க்ரீனுக்கு வெளியே ஓடுவதற்குக் காரணம் வேறு. பல தளங்கள் கம்ப்யூட்டர் திரையை மனதில் வைத்துக் கட்டப்பட்டவை. 2007-ல் ஐபோன் வந்தபோது, அப்படிப்பட்ட பக்கங்களை 980 பிக்ஸல் அகலம் உள்ளதாக வைத்துக்கொண்டு சுருக்கிக் காட்டியது. எழுத்து எறும்பு போலத் தெரிந்தது. எந்தத் திரைக்கும் ஏற்ப மடங்கிக்கொள்ளும்படி பக்கத்தை வடிவமைக்கும் முறைக்கு ‘ரெஸ்பான்சிவ்’ என்ற பெயரை ஈதன் மார்கோட் என்ற வடிவமைப்பாளர் சூட்டியது 2010-ல். அதற்கு முன் கட்டி, பிறகு கை வைக்காமல் விட்ட தளங்கள் இன்னும் இருக்கின்றன. அவை உங்கள் போனில் முட்டிக்கொண்டு நின்றால், அது உங்கள் தவறு இல்லை.

கோளாறு எங்கே? 3 சோதனைகள்

ஒரு எச்சரிக்கை. பாதி நிரப்பிய விண்ணப்பம் திறந்திருந்தால் அதை ‘ரீலோட்’ செய்யாதீர்கள். நிரப்பியதெல்லாம் அழிந்துபோகலாம். பணம் கட்டும் பக்கமாக இருந்தால் கட்டாயம் கூடாது. அந்தப் பக்கத்தை அப்படியே விட்டுவிட்டு, அதே தளத்தின் முதல் பக்கத்தைத் தனியாகத் திறந்து சோதியுங்கள்.

1. வைஃபையில் இருந்தால் மொபைல் டேட்டாவுக்கு மாறுங்கள். டேட்டாவில் இருந்தால் வைஃபைக்கு மாறுங்கள். சரியாகிவிட்டால் கோளாறு நெட்டில்.

2. பிரவுசரில் ‘இன்காக்னிட்டோ’ பக்கம் திறந்து பாருங்கள். அதில் சரியாகத் தெரிந்தால், போன் ஏற்கெனவே சேமித்து வைத்திருக்கும் பழைய கோப்புதான் வம்பு செய்கிறது.

3. வீட்டில் இன்னொருவர் போனில் திறந்து பாருங்கள். அங்கேயும் அப்படியே இருந்தால் கோளாறு பெரும்பாலும் தளத்தில். நீங்கள் எவ்வளவு தட்டினாலும் சரியாகாது.

பட்டன் எங்கே போனது?

பட்டன் எங்கேயும் போகவில்லை. மறைந்து நிற்கிறது. முதலில் கீபோர்டை இறக்குங்கள். பல நேரம் பட்டன் அதன் பின்னால்தான் இருக்கும். பிறகு இரண்டு விரலால் கிள்ளிப் பக்கத்தைச் சுருக்கிப் பாருங்கள். அடுத்து ‘ஆட்டோ ரொட்டேட்’டை இயக்கி, போனைப் படுக்கை வாட்டில் திருப்புங்கள். அகலம் கிடைத்ததும் ஒளிந்திருந்த பட்டன் வெளியே வரும்.

அதிலும் வரவில்லையென்றால் பிரவுசரின் மூன்று புள்ளி மெனுவில் ‘டெஸ்க்டாப் சைட்’ என்பதைத் தேர்வு செய்யுங்கள். எழுத்து சின்னதாகும், ஆனால் முழுப் பக்கமும் தெரியும். இதைத் தட்டினால் பக்கம் மறுபடி லோட் ஆகும் என்பதால், விண்ணப்பத்தை நிரப்பத் தொடங்கும் முன்பே செய்துவிடுவது நல்லது. இதற்கு நேர்மாறான தொல்லையும் உண்டு. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் எழுத்து எறும்பு போல இருக்கிறதா? என்றைக்கோ தட்டிய ‘டெஸ்க்டாப் சைட்’ இன்னும் அப்படியே இருக்கலாம். எடுத்துவிடுங்கள்.

வீட்டுப் பெரியவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று. கண்ணுக்கு வசதியாக போனில் எழுத்தைப் பெரிதாக வைத்திருப்பீர்கள். சரியாகக் கட்டப்படாத பக்கங்களில் அந்தப் பெரிய எழுத்து பட்டனைத் திரைக்கு வெளியே தள்ளிவிடும். செட்டிங்ஸில் ‘டிஸ்ப்ளே’ பகுதிக்குப் போய், வேலை முடியும் வரை எழுத்தின் அளவை ஒரு படி குறைத்துவிட்டு, பிறகு பழையபடி வைத்துக்கொள்ளலாம்.

நமக்கென்றே உள்ள ஒரு சிக்கல், மொழிபெயர்ப்பு. ஆங்கிலப் பக்கத்தை பிரவுசரே தமிழாக்கிக் காட்டும் வசதி படிப்பதற்கு அருமை. ஆனால் ஆங்கிலத்தில் நாலு எழுத்தில் முடிந்த சொல் தமிழில் பத்து எழுத்தாகும்போது பட்டனும் கட்டமும் பிதுங்கும். படித்துப் புரிந்துகொள்ளத் தமிழ். நிரப்பி அனுப்பும்போது மூல மொழி. இப்படிப் பிரித்துக்கொண்டால் தொல்லை இல்லை.

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமில் வந்த லிங்க்கைத் தட்டினால் அது அந்த ஆப்புக்குள்ளேயே திறக்கும். அங்கே பல பக்கங்கள் முழுமையாக வேலை செய்யாது. மூன்று புள்ளியைத் தட்டி, வெளி பிரவுசரில் திறக்கும் வழியைத் தேர்ந்தெடுங்கள்.

படம் மட்டும் வரவில்லை என்றால்

நெட் மெதுவாக இருந்தால் எழுத்து வந்து, படம் வழியில் நிற்கும். ஒரு நிமிடம் பொறுங்கள். ஓபரா மினி போன்ற பிரவுசர்களில் டேட்டாவை மிச்சம் பிடிக்கப் படங்களையே நிறுத்திவைக்கும் வசதி உண்டு. அது இயங்குகிறதா என்று பாருங்கள். விளம்பரம் தடுக்கும் ஆப் வைத்திருந்தால், அது விளம்பரம் என்று நினைத்து நல்ல படத்தையும் தடுத்துவிடும். அந்தத் தளத்துக்கு மட்டும் அதை நிறுத்திப் பாருங்கள்.

போனில் தேதியும் நேரமும் சரியா? சிரிக்காதீர்கள். பாதுகாப்பான தளங்கள் ஒரு சான்றிதழைக் காட்டிய பிறகுதான் பிரவுசர் உள்ளே விடும். அந்தச் சான்றிதழுக்குக் காலாவதித் தேதி உண்டு. போனின் தேதி தப்பாக இருந்தால் நல்ல சான்றிதழும் செல்லாததாகத் தெரியும். படம், சில நேரம் பக்கமே வராது. செட்டிங்ஸில் தேதியைத் ‘தானாக’ அமைத்துக்கொள்ளும்படி விட்டுவிடுங்கள்.

இன்காக்னிட்டோவில் சரியாகத் தெரிந்தது என்றால், பிரவுசரின் ‘டெலிட் பிரவுசிங் டேட்டா’ பகுதிக்குப் போய், சேமித்த படங்கள், கோப்புகள் என்பதை மட்டும் டிக் செய்து அழியுங்கள். குக்கீ, பாஸ்வேர்ட் பக்கம் கை போக வேண்டாம். எல்லாத் தளங்களிலும் மறுபடி லாகின் செய்ய வேண்டியிருக்கும்.

இரவில் ‘டார்க் மோட்’ வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். வெள்ளைப் பின்னணிக்காகச் செய்த கறுப்பு லோகோவும் கையெழுத்துப் படமும் கறுப்பில் கறுப்பாகக் கரைந்துவிடும். படம் வரவில்லை என்று தேடும் முன் டார்க் மோடை அணைத்துப் பாருங்கள்.

போட்டோ ஏற மறுக்கிறதா?

வங்கித் தேர்வு விண்ணப்பங்களில் போட்டோ 20 முதல் 50 கேபிக்குள், 200-க்கு 230 பிக்ஸலில் கேட்பது வழக்கம். உங்கள் போன் எடுக்கும் படமோ 3 எம்பி, அதாவது ஏறக்குறைய 3,000 கேபி. ஐம்பதைப் போல அறுபது மடங்கு. வாசலில் லாரி நின்றால் திண்ணைக்குள் வராது.

ஐபோனில் இன்னொரு தடை. 2017 முதல் அது படங்களை ஹெச்இஐசி என்ற வகையில் சேமிக்கிறது. பல விண்ணப்பத் தளங்கள் ஜேபிஜி மட்டுமே வாங்கும். கோப்பின் பெயரில் உள்ள ஹெச்இஐசி-யை அழித்து ஜேபிஜி என்று எழுதினால் போதாது. சட்டையை மாற்றினால் ஆள் மாறிவிடுவாரா? செட்டிங்ஸில் ‘கேமரா’, அதில் ‘ஃபார்மட்ஸ்’, அதில் ‘மோஸ்ட் கம்பாட்டிபிள்’ என்று வைத்துவிட்டுப் புதிதாகப் படம் எடுங்கள்.

சில தளங்களில் நேராக எடுத்த படம் படுத்துக்கொண்டு தெரியும். போன் பல நேரம் படத்தைச் சென்சார் பார்த்தபடியே சேமித்து, ‘இதைத் திருப்பிக் காட்டு’ என்று ஒரு குறிப்பு மட்டும் எழுதி வைக்கும். அந்தக் குறிப்பைப் படிக்காத தளத்தில் தலை சாய்ந்துவிடும்.

இந்த மூன்றுக்கும் சுலபமான ஒரு வழி இருக்கிறது. படத்தை வாட்ஸ்அப்பில் உங்களுக்கு நீங்களே அனுப்பிக்கொள்ளுங்கள். டாகுமெண்ட்டாகவோ ஹெச்டி தரத்திலோ வேண்டாம்; சாதாரணப் படமாக. வந்து சேரும் படம் ஜேபிஜி-யாக, அளவு குறைந்து, நேராக நிற்கும். பிறகு கேலரியில் முகமும் தோளும் மட்டும் தெரியும்படி வெட்டினால் கேபி இன்னும் இறங்கும். அப்போதும் கூடுதலாக இருந்தால், சில போன்களின் கேலரியிலேயே ‘ரீசைஸ்’ வசதி இருக்கிறது. முன்பின் தெரியாத தளத்தில் உங்கள் போட்டோவையும் கையெழுத்தையும் ஆதாரையும் ஏற்றிச் சுருக்க வேண்டாம்.

வெட்டும்போது வடிவத்தைக் கவனியுங்கள். 200-க்கு 230 என்றால் அகலத்தைவிட உயரம் சற்றே அதிகம். போனின் நீளப் படத்தை வெட்டாமல் ஏற்றினால், சில தளங்கள் அதை இழுத்து அந்தக் கட்டத்துக்குள் அடைக்கும். முகம் அகன்று, ஆளே மாறித் தெரியும். நாளைக்குத் தேர்வு மையத்தில் ஹால் டிக்கெட்டோடு நிற்கும்போது அந்த முகம்தான் உங்களுக்குச் சாட்சி. சமர்ப்பிக்கும் முன் ‘பிரிவ்யூ’வில் போட்டோவை நிதானமாகப் பாருங்கள்.

இதை மட்டும் தட்டவே தட்டாதீர்கள்

‘உங்கள் பிரவுசர் பழையது. படத்தைப் பார்க்க இதை இறக்குங்கள்’ என்று பக்கமே சொன்னால் உடனே வெளியே வந்துவிடுங்கள். பிரவுசரைப் புதுப்பிக்கும் இடம் பிளே ஸ்டோரும் ஆப் ஸ்டோரும்தான். கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் ஏபிகே கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பி ஏமாற்றும் கூட்டம் இருக்கிறது. உண்மையான பத்திரிகைப் படத்தைப் பார்க்க எந்த ஆப்பையும் நிறுவ வேண்டியதில்லை.

வங்கிப் பக்கத்தில் லோகோ உடைந்தோ எழுத்து கோணலாகவோ இருந்தால் மேலே உள்ள முகவரியைப் பாருங்கள். ஒரு எழுத்து மாறியிருந்தாலும் ஓடிப்போங்கள். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் தயங்காமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். கூச்சப்பட்டுக் கடத்தும் ஒவ்வொரு மணி நேரமும் திருடனுக்கு லாபம்.

சொந்தப் பக்கம் வைத்திருப்பவர்களுக்கு

ஊறுகாய் விற்கிறீர்களோ, டியூஷன் எடுக்கிறீர்களோ, உங்கள் பக்கத்துக்கும் நாலு விஷயம். ‘வியூபோர்ட்’ வரி இருக்கிறதா என்று பக்கத்தை அமைத்துத் தந்தவரிடம் கேளுங்கள். அதுதான் போனின் அகலத்துக்குப் பக்கத்தை மடக்குகிறது. படத்தின் அகலம் அதிகபட்சம் 100 சதவீதம், உயரம் தானாக என்று வையுங்கள். படம் வெளியே ஓடாது, நசுங்காது. படக் கோப்பின் பெயரில் இடைவெளியும் பெரிய ஆங்கில எழுத்தும் வேண்டாம். பல சர்வர்களுக்குப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு, ஒன்று மாறினாலும் படம் வராது.

நாலாவதுதான் முக்கியம். விலையையும் போன் எண்ணையும் படத்துக்குள் மட்டும் எழுதிவிடாதீர்கள். படம் வராத வாடிக்கையாளருக்கு அது தெரியாது. டாக்பேக், வாய்ஸ்ஓவர் மூலம் காதால் படிக்கும் பார்வையற்றவர்களுக்கும் எட்டாது. எழுத்தாகவும் போடுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் ‘ஆல்ட்’ விவரமாக ஒரு வரி எழுதுங்கள்.

ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ள

* நிரப்பிய பக்கத்தை ரீலோட் செய்யாதீர்கள்.
* கீபோர்டை இறக்கு, கிள்ளிச் சுருக்கு, போனைத் திருப்பு.
* நெட்டை மாற்று, இன்காக்னிட்டோ பார், அடுத்த போனில் பார்.
* போட்டோவை வெட்டி, சுருக்கி, பிரிவ்யூவில் சரிபார்.
* பக்கம் சொல்லும் ஆப்பை இறக்காதே.

இத்தனைக்கும் பிறகும் சரியாகவில்லை என்றால் கோளாறு தளத்தில்தான். நேரம் தெரியும்படி ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, அந்தத் தளத்தின் உதவி மின்னஞ்சலுக்கு அனுப்பிவையுங்கள். நீங்கள் முயன்றதற்கு அது ஆதாரம். பிறகு ஒரு கம்ப்யூட்டரையோ அருகில் உள்ள இ-சேவை மையத்தையோ நாடுங்கள். எல்லாவற்றையும்விட நல்ல வைத்தியம், கடைசி நாள் வரை காத்திருக்காமல் ஒரு வாரம் முன்பே தொடங்குவதுதான்.

அடுத்த வாரம்: ‘ஸ்டோரேஜ் ஃபுல்’ என்று போன் மிரட்டினால் எதை அழிக்கலாம், எதைத் தொடக்கூடாது?