சுண்டைக்காய் கால் பணம்

போன மாதம் பழைய அலுவலக நண்பர் ஒருவர் போனில் கூப்பிட்டார். எனக்கு இரண்டு வருடம் கழித்து ஓய்வு பெற்றவர். சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்தார்.

"ஏப்பா, ஒரு ஜெர்மன் காரு வந்திருக்குது. புதுசுல நாப்பத்தஞ்சு லட்சமாம். இப்ப ஒம்பது லட்சத்துக்குத் தர்றாங்க. டெல்லி வண்டி. வாங்கிப் போடட்டுமா?"

"வேண்டாம்" என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "நீ மட்டும் ஆறு வருசமா ஓட்டறே. நான் ஓட்டக்கூடாதா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

நியாயமான கேள்விதான். போனில் சொல்ல முடியாத பதிலை இங்கே எழுதுகிறேன். அவரைப் போல ஓய்வூதியப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இளவயது ஆசை ஒன்றை நினைத்துக்கொண்டிருக்கிற எல்லோருக்கும் சேர்த்துத்தான் இது.

நான் என் காரை வாங்கியது 2019இல். 2011ஆம் வருட மாடல், பெட்ரோல் வண்டி, ஓடியிருந்தது 62,000 கிலோமீட்டர். கொடுத்த விலை ஆறரை லட்சம். கம்பெனி பெயர் வேண்டாம். யாரையும் குறை சொல்வது என் நோக்கமில்லை. இந்த ரகத்தில் எந்தக் காரை வாங்கியிருந்தாலும் கதை ஏறக்குறைய இதேதான்.

முதலில் இன்பத்தைச் சொல்லிவிட வேண்டும். அதைச் சொல்லாமல் செலவை மட்டும் சொன்னால் பொய்யாகிவிடும். நம் தலைமுறை அம்பாசிடரிலும் ஃபியட்டிலும் ஓட்டக் கற்றுக்கொண்டது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் வண்டி யோசித்துத் திரும்பும். இந்தக் கார் அப்படியில்லை. எஞ்சின் முன்னால், இழுவை பின் சக்கரங்களில், எடை முன்னும் பின்னும் கிட்டத்தட்டச் சரிபாதி. கோயம்புத்தூரிலிருந்து விடியற்காலை கிளம்பி, மேட்டுப்பாளையம் தாண்டி பர்லியார் ஏற்றத்தில் வளைவுக்கு வளைவு திருப்பும்போது, கை நினைப்பதை வண்டி செய்கிறது. அறுபத்திரண்டு வயதில் எனக்கு அது பெரிய சந்தோஷமாக இருந்தது. இன்றும் இருக்கிறது.

இனி செலவு. நம் ஊரில் ஒரு பழமொழி உண்டு: சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். பழைய சொகுசுக் காரைப் பற்றி இதைவிடச் சரியாக யாரும் சொல்லிவிட முடியாது. நாற்பது லட்ச ரூபாய்க் கார் பத்து வருடத்தில் ஆறு லட்சத்துக்கு வந்துவிடுகிறது. ஆனால் அதன் உதிரிபாகம் ஆறு லட்ச ரூபாய்க் காரின் உதிரிபாகமாக ஆகிவிடுவதில்லை. அது கடைசிவரை நாற்பது லட்ச ரூபாய்க் காரின் உதிரிபாகம்தான். வாங்கும்போது இன்றைய விலை கொடுக்கிறோம். பழுது பார்க்கும்போது அன்றைய விலை கொடுக்கிறோம். நண்பர் கண்ணில் பட்டது முதல் விலை மட்டும்.

முதல் வருடம் ஆயில் மாற்றியதோடு சரி. 2020 ஊரடங்கில் வண்டி நின்றே கிடந்ததில் பேட்டரி போயிற்று. அம்பாசிடராக இருந்தால் புது பேட்டரியை வைத்து இரண்டு நட்டை முறுக்கினால் முடிந்தது. இதில் புது பேட்டரி வைத்த சேதியைக் காரின் கம்ப்யூட்டருக்கும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அது பழைய பேட்டரி என்று நினைத்தே சார்ஜ் ஏற்றும். புதுசும் சீக்கிரம் கெடும். எல்லாம் சேர்த்து 26,000.

2021இல்தான் வண்டி தன் குணத்தைக் காட்டியது. முன்பக்க சஸ்பென்ஷனில் கடகடவென்று சத்தம். ஆர்ம், புஷ் எல்லாம் மாற்ற 92,000. நான்கு டயரும் அதே சமயம் தேய்ந்திருந்தன. இவை ரன்ஃப்ளாட் டயர்கள். காற்று முழுக்கப் போனாலும் 80 கிலோமீட்டர் வேகத்துக்குள் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தூரம் ஓட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்பதால் வண்டியில் ஸ்டெப்னியே கிடையாது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பக்கச்சுவர் கெட்டியாக இருப்பதால் நம் ரோட்டுக் குழி ஒவ்வொன்றும் நேராக ரிம்முக்கும் சஸ்பென்ஷனுக்கும் போகிறது. டயர் நான்குக்கும் 72,000.

வேகத்தடை இன்னொரு எதிரி. இந்திய சாலைக் காங்கிரஸ் வகுத்த அளவு 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம். அப்படி இருந்தால் எந்த வண்டியும் தடவிக்கொண்டு போகும். நம் தெருக்களில் இரண்டடி அகலத்தில் சுவர் மாதிரி எழுப்பி வைத்திருக்கிறார்கள். இந்த வகைக் கார்களுக்குத் தரையிலிருந்து உள்ள இடைவெளியே 14 சென்டிமீட்டர் சுமாருக்குத்தான்.

ஆக ஒரே மாதத்தில் 1,64,000 ரூபாய். கையில் அவ்வளவு இல்லை. நான் செய்ததை இதுவரை எங்கேயும் எழுதியதில்லை. மனைவியின் முழங்கால் அறுவை சிகிச்சைக்கென்று போட்டு வைத்திருந்த டெபாசிட்டை உடைத்தேன். அவளிடம் சொல்லவில்லை. "மழை போகட்டும், தை பிறக்கட்டும், அப்புறம் பண்ணிக்கலாம்" என்று அறுவை சிகிச்சையைத் தள்ளிப் போட்டேன். அவளும் எனக்கு அவள் மேல் அக்கறை என்று நம்பினாள்.

தை பிறந்தது. கோத்தகிரியில் ஒரு கல்யாணம். திரும்பும்போது குன்னூர் வழியாக இறங்கினோம். பாதி மலையில் சிவப்பு விளக்கு எரிந்தது, எஞ்சின் சூடு. ஓரம் கட்டி நிறுத்தினேன். தண்ணீர் பம்ப் போய்விட்டது. இந்த எஞ்சினில் அது பெல்ட்டில் சுற்றும் பம்ப் இல்லை, மின்சாரத்தில் ஓடுவது. நல்லபடியாக ஓடிக்கொண்டிருக்கும், ஒருநாள் சொல்லாமல் நின்றுவிடும். கயிறு கட்டி இழுக்கவும் முடியாது. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் கெட்டுவிடும் என்பதால் மேலே ஏற்றிக்கொண்டு போகிற லாரிதான் வர வேண்டும். வர மூன்று மணி நேரம் ஆயிற்று. அதுவரை அவள் பட்டுப்புடவையோடு ஒரு சின்னப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்தாள். லாரி வந்ததும் அந்த உயரமான கேபினில் ஏற அவளால் முடியவில்லை. டிரைவர் தம்பி ஒரு மரக்கட்டையைப் போட்டு, நான் பின்னாலிருந்து தாங்கி, அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினாள்.

அந்த லாரியில் உட்கார்ந்துதான் டெபாசிட் விஷயத்தைச் சொன்னேன். அவள் திட்டவில்லை. மேட்டுப்பாளையம் வரும்வரை பேசவே இல்லை. பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்: "ஏனுங்க, காரு புஷ்ஷு மாத்தறதுக்கு என்ர முட்டியக் காக்க வெச்சீங்களா?"

பம்ப், தெர்மோஸ்டாட், இற்றுப்போன ஹோஸ்கள் எல்லாம் சேர்த்து 78,000. அதற்கு மகனிடம் கை நீட்ட வேண்டியிருந்தது. அறுவை சிகிச்சை எட்டு மாதம் தள்ளி நடந்தது. இப்போது நன்றாக நடக்கிறாள். ஆனாலும் அந்த எட்டு மாதம் என் கணக்கில் அப்படியே இருக்கிறது.

வண்டியை விற்றுவிடலாம் என்று நினைத்தேன். விற்க வேண்டாம் என்று சொன்னது அவள்தான். "விக்கறதுன்னா வித்துப் போடுங்க. ஆனா அது மேல பழி போடாதீங்க" என்றாள். அதில் இருந்த உண்மை எனக்கு உறைத்தது. பம்ப் கெட்டது காரின் தவறில்லை. பத்து வயதான காரில் ரப்பரும் பிளாஸ்டிக்கும் கெடத்தான் செய்யும். அதற்குப் பணம் எடுத்து வைக்காதது என் தவறு.

அதற்குப் பிறகு சில விதிகள் வைத்துக்கொண்டேன். காருக்கென்று தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு. மாதம் 8,000 ரூபாய் அதில் போகும். அதில் பணம் இல்லையென்றால் வண்டி ஷெட்டில் நிற்கும். வேறு கணக்கைத் தொடுவதில்லை. இரண்டாவது, கெட்டபின் மாற்றுவது கிடையாது. வயதைப் பார்த்து முன்னாலேயே மாற்றுவது. பிரேக் ஆயில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. கியர்பாக்ஸ் எண்ணெயை ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம் என்று பல கார் கம்பெனிகள் சொல்கின்றன. ஆனால் அவர்களுக்கு கியர்பாக்ஸ் செய்து கொடுக்கும் இசட்.எஃப். நிறுவனம், 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் அல்லது எட்டு வருடத்தில் மாற்றச் சொல்கிறது. யாருடைய ஆயுள் என்பதுதான் கேள்வி. நான் 2023இல் 45,000 கொடுத்து மாற்றினேன். கியர்பாக்ஸே போயிருந்தால் லட்சக்கணக்கில் ஆகியிருக்கும். 2024இல் பிரேக் டிஸ்க், பேடு 58,000.

மூன்றாவது, நல்ல மெக்கானிக். இந்த விஷயத்தில் கோவைக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். பம்பும் லேத்தும் வளர்ந்த ஊர். கணபதி பக்கம் ஒரு சின்னப் பட்டறையில் என் வண்டியைப் பார்க்கிற தம்பி, கம்ப்யூட்டரைச் செருகிப் பார்ப்பதற்கு முன்னால் காதை வைத்துக் கேட்பார். மாற்ற வேண்டியதை மாற்றுவார், வேண்டாததை வேண்டாம் என்பார். காரைப் பார்ப்பதற்கு முன்னால் இப்படி ஒருவரைப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். நான் தலைகீழாகச் செய்தேன்.

எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். மேலே சொன்னவற்றோடு வருடா வருடம் ஆயில் சர்வீஸ், இன்சூரன்ஸ் சேர்த்து ஆறு வருடத்தில் 5,69,000 ரூபாய். வாங்கிய விலையை எட்டிப் பிடிக்க இன்னும் கொஞ்சம்தான். ஓடியது 24,000 கிலோமீட்டர். பெட்ரோல், இப்போது விற்றால் வரும் நஷ்டம் எல்லாம் சேர்த்தால் கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட 50 ரூபாய். வாடகைக் காரில் இதைவிடக் குறைந்த செலவில் போயிருக்கலாம், பின் சீட்டில் தூங்கிக்கொண்டு.

நண்பருடைய வண்டிக்கு வருகிறேன். டெல்லி வண்டி ஏன் மலிவு? பத்து வருடம் ஆன டீசல் வண்டி தலைநகர்ப் பகுதியில் ஓடக்கூடாது என்று 2015இல் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது. 2018இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அங்கே ஓட முடியாத வண்டிகள் விலை குறைந்து தெற்கே வர ஆரம்பித்தன. ஆனால் இங்கே கொண்டுவந்தால் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும்; நம் மாநிலத்துக்கு ஆயுள் வரி கட்ட வேண்டும். ஒன்பது லட்சம் அதோடு முடியாது. அவருடைய ஓட்டமோ வீட்டிலிருந்து கோயில், கோயிலிலிருந்து காய்கறிக் கடை. டீசல் எஞ்சினை அப்படிக் குட்டித் தூரமாகவே ஓட்டினால் ஈ.ஜி.ஆர். வால்வில் கரி படிந்துகொண்டே போகும்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியா என்றும் பார்க்க வேண்டும். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் மூழ்கிய கார்கள் ஏலத்தில் போய், துடைத்துக் காயவைத்து வேறு ஊர்களில் விற்பனைக்கு வந்ததை நாம் மறக்கக்கூடாது. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். தரை விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். வண்டல் கறை உண்மையைச் சொல்லிவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வாங்கும் விலையில் பாதியைத் தனியாக எடுத்து வைக்க முடியுமா? அந்த முழுப் பணமும் போனாலும் வீட்டில் யாருடைய வைத்தியமும் ஒருநாள் கூடத் தள்ளிப் போகாதா? வீட்டுக்காரம்மாவிடம் கணக்கு முழுவதையும் சொல்லியாயிற்றா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் தாராளமாக வாங்கலாம். அது முதலீடும் இல்லை, லாபமும் இல்லை, கௌரவமும் இல்லை, வெறும் ஆசை. ஆசைக்குச் செலவு செய்வதில் தப்பில்லை. மலிவாகக் கிடைக்கிறது என்று ஆசைக்கு முகமூடி போடுவதுதான் தப்பு.

அடுத்த வருடம் என் வண்டிக்குப் பதினைந்து வயது முடிகிறது. பதிவைப் புதுப்பித்தால் இன்னும் ஐந்து வருடம். 2022 ஏப்ரலிலிருந்து அந்தக் கட்டணமே 600லிருந்து 5,000 ஆகிவிட்டது. பசுமை வரி தனி. பட்டறைத் தம்பி "வண்டி இன்னும் ஓடுங்க சார்" என்கிறார். கார்க் கணக்கில் பணம் இருக்கிறது. என் கண்ணும் காலும் ஒத்துழைக்குமா என்பதை டாக்டர் சொல்ல வேண்டும். இந்தமுறை மனைவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் முடிவு செய்யப்போகிறேன்.

நண்பருக்கு என் நோட்டை முழுக்க ஜெராக்ஸ் எடுத்து அனுப்பி வைத்தேன், டெபாசிட் எழுதிய பக்கம் உட்பட. இன்னும் போன் வரவில்லை.