நெபுலியம் வகையறா

டிரையல் பேலன்ஸ் டாலி ஆகாவிட்டால் அக்கவுண்டன்ட் என்ன செய்வார்? வித்தியாசத்தை 'சஸ்பென்ஸ் அக்கவுண்ட்' என்று ஒரு தலைப்பில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போவார். வானியல்காரர்களும் இதையே செய்திருக்கிறார்கள், அதுவும் அறுபது வருஷத்துக்கு மேல்!

1864-ல் லண்டனில் வில்லியம் ஹக்கின்ஸ் என்பவர் ஒரு நெபுலாவின் (வானத்து வாயு மேகம்தான்) வெளிச்சத்தைப் பிரித்துப் பார்த்தார். வானவில் மாதிரி வரும் என்று எதிர்பார்த்தால், பளிச்சென்று பச்சைக் கோடு. ஒவ்வொரு தனிமத்துக்கும் கைரேகை போலத் தனித்தனிக் கோடுகள் உண்டு. இந்தப் பச்சை மட்டும் லாபரேட்டரியில் யாருடைய ரேகையோடும் ஒத்துப்போகவில்லை. சரி, புதுத் தனிமம். பெயர் நெபுலியம். விஷயம் முடிந்தது.

அவர்களையும் குறை சொல்ல முடியாது. 1868-ல் சூரியனில் வெறும் கோடாகத் தெரிந்த ஹீலியம், 1895-ல் பூமியிலேயே அகப்பட்டதே! ஆனால் நெபுலியத்துக்கு ஒரு சங்கடம். பீரியாடிக் டேபிளில் காலி சீட்டே இல்லை.

1927-ல் அமெரிக்காவில் ஐரா போவன் கணக்கை நேர் செய்தார். இரண்டு எலெக்ட்ரான்களை இழந்த ஆக்ஸிஜனின் சக்தி நிலைகள் லாபரேட்டரி அளவுகளிலிருந்து அவர் கையில் இருந்தன. ஒன்றிலிருந்து இன்னொன்றைக் கழித்தார். அச்சாக அதே பச்சை! நம்ம ஆக்ஸிஜன்தான், அணு மட்டும் அந்தப் பச்சையை உமிழ சராசரியாக அரை நிமிஷத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும். பூமியில் அதற்குள் பக்கத்து அணு வந்து இடித்துவிடும், பல்லவன் பஸ் கூட்டம் மாதிரி. நெபுலாவில்தான் நிம்மதியாக நிற்க இடம் உண்டு.

சூரியனின் கரோனாவிலும் இதே கதை. 1869 கிரகணத்தில் கண்ட பச்சைக் கோட்டுக்குக் 'கரோனியம்' என்று பெயர் வைத்தார்கள். 1940-களில் ஸ்வீடன்காரர் எட்லன் அது பதின்மூன்று எலெக்ட்ரான்களைப் பறிகொடுத்த இரும்பு என்று நிரூபித்தார். அத்தனையையும் பிடுங்க பத்து லட்சம் டிகிரிக்கு மேல் வேண்டும். கரோனாவின் சூடு அப்படித்தான் வெளிவந்தது. டெலஸ்கோப்பை எவ்வளவு பெரிதாகக் கட்டினாலும், கீழே ஒருத்தர் உட்கார்ந்து அணுவை அளந்து டேபிள் போட்டால்தான் மேலே தெரிவதற்கு அர்த்தம். போட்டோ என்னவோ டெலஸ்கோப்புக்குத்தான் எடுக்கிறார்கள்.

நட்சத்திரங்களுக்கு நடுவே இருக்கும் வாயுவிலும் மர்மக் கோடுகள் உண்டு. 1922-லிருந்து சேர்ந்தது, இன்று ஐந்நூறுக்கு மேல். 2015-ல் ஸ்விட்சர்லாந்தின் பாஸல் நகர ஆய்வுக்கூடம், அறுபது கார்பன் அணுக்கள் கால்பந்து போலச் சேர்ந்த ஒரு மூலக்கூறைக் குளிரவைத்து அளந்ததில், சில கோடுகளுக்கு மட்டும் வவுச்சர் கிடைத்தது. பாக்கி எல்லாம் இன்னும் சஸ்பென்ஸில்தான்.