பழசு என்று யார் சொன்னது?

‘சப்போர்ட் முடிஞ்சிருச்சு’ என்கிறோம், ஏதோ பழுத்த இலை தானாக உதிர்ந்த மாதிரி. முடியவில்லை, முடித்தார்கள். 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-ஐ மைக்ரோசாஃப்ட் முடித்துவைத்தது. விண்டோஸ் 11-க்குப் போகலாமே என்றால் டிபிஎம் 2.0 வேண்டும், அவர்கள் பட்டியலில் உள்ள பிராசஸர் வேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை, அதாவது 2017-இல் வரத் தொடங்கியவை.

2011 செப்டம்பர் 15-இல் ஜெயலலிதா தொடங்கிவைத்த விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், முதல் சில ஆண்டுகளில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கொடுத்தவை எதுவும் இந்தப் பட்டியலில் ஏறாது. நம் வரிப்பணத்தில் வாங்கியவை. கொமரலிங்கத்தில் என் மாமா மகளிடம் அப்படியொன்று இருக்கிறது. திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் தைத்துக் கொடுக்கிறாள். பீஸ் கணக்கு, வாரச் சம்பளம் எல்லாம் அதில்தான். பேட்டரி எப்போதோ செத்துவிட்டது, சார்ஜரோடுதான் ஓடும். ரேம் ஏற்றி, எஸ்எஸ்டி மாட்டி, லினக்ஸ் போட்டுக் கொடுத்தேன். ஜம்முன்னு ஓடுது. பக்கத்திலிருக்கும் ஓவர்லாக் மெஷின் அந்த லேப்டாப்பைவிட மூத்தது, நாலு கை மாறி வந்தது. லூப்பர் தேய்ந்தால் மெக்கானிக் வேறு போட்டுவிட்டுப் போவார். இனிமேல் இதில் தைக்கக் கூடாது என்று செய்த கம்பெனிக்காரன் வந்து சொல்ல முடியுமா?

எல்லாம் பாதுகாப்புக்குத்தான் என்பார்கள். டிபிஎம் நல்ல விஷயம், நானும் இதே தொழிலில் இருப்பவன்தான். ஆனால் பேட்ச் எழுத முடியாமலா நிறுத்தினார்கள்? விண்டோஸ் 10-க்கு 2026 அக்டோபர் வரை பேட்ச் உண்டு. ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில், நுகர்வோர் அமைப்புகள் சண்டை பிடித்ததால் இலவசம். மற்றவர்களுக்கு 30 டாலர். இல்லையென்றால் ரிவார்டு பாயிண்ட் சேர்க்கணும், அல்லது செட்டிங்ஸை அவர்கள் கிளவுடில் ஏற்றணும். ஒரே ஓட்டை, ஒரே பேட்ச், ஊரைப் பார்த்து விலை.

லினக்ஸ் உலகமும் கழிக்கத்தான் செய்கிறது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13, 32-பிட் பிசிகளுக்கான இன்ஸ்டாலரைக் கைவிட்டது. வருத்தம்தான். ஆனால் மூலநிரல் திறந்தே கிடக்கிறது, ஆள் சேர்ந்தால் எடுத்துச் செய்யலாம். அரசு கொடுத்த அந்த லேப்டாப்களிலும் விண்டோஸோடு சி-டாக்கின் பாஸ் லினக்ஸ் இருந்தது. அதைத் திறந்து பழகச் சொல்லிக்கொடுத்த பள்ளிகள் எத்தனை?

2025-26 பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினியோ டேப்லெட்டோ தருவதாகத் தமிழக அரசு அறிவித்தது. இவ்வளவு பெரிய ஆர்டரை எந்தக் கம்பெனி வேண்டாம் என்கும்? வாரண்டி எத்தனை வருஷம் என்பதோடு, அப்டேட் எத்தனை வருஷம் என்றும் டெண்டரில் எழுதி வாங்குங்கள். பத்து வருஷம். தர முடியாதவனிடம் வாங்காதீர்கள்.