கருணைக்குக் கூலி கேட்போம்

மே 12 வந்தால் எல்லா மேடைகளிலும் ஒரே பல்லவிதான். செவிலியர்கள் தேவதைகள், கருணையின் மறுவடிவங்கள். மெழுகுவத்தி ஏற்றுவார்கள், உறுதிமொழி எடுப்பார்கள், கேக் வெட்டுவார்கள். சம்பளப் பட்டியலை மட்டும் யாரும் மேடைக்குக் கொண்டுவருவதில்லை.

தமிழ் படித்தவள் என்பதால் எனக்கு முதலில் உறுத்துவது அந்தச் சொல். சங்க அகப்பாடல்களில் தலைவியைப் பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலித்தாய். செவிலியின் மகளே தோழி என்கிறது தொல்காப்பியம். தாய் வளர்க்கிறாள், மகள் துணைநிற்கிறாள், இருவர் உழைப்பும் தலைவியின் வீட்டுக்கே. நர்ஸ் என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடியபோது நாம் எடுத்துக்கொண்டது இந்தத் தாயைத்தான். தாய் என்று அழைத்துவிட்டால் கூலி கேட்க அவளே கூசுவாள் அல்லவா?

என் மாணவி ஒருத்திக்கு 31ஆவது வாரத்திலேயே பிரசவமானது. குழந்தை 1,300 கிராம். ஓர் அரசு மருத்துவமனையின் பச்சிளம் குழந்தைகள் பிரிவில் ஐந்து வாரம் இருந்தார்கள். "எங்க வம்சத்துல யாரும் இப்படி அரைகுறையாப் பெத்ததில்ல" என்று மாமியார் வாசலில் நின்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஒருநாள் பணியில் இருந்த சிஸ்டர் அவரை உள்ளே அழைத்து, கை கழுவச் சொல்லி, நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்தார். "பிரஷர் ஏறினா யாருக்கு வேணும்னாலும் இப்படி ஆகும்மா. உங்க மருமக எந்தத் தப்பும் பண்ணல. பேத்தியக் கொஞ்ச நேரம் நெஞ்சுல வச்சுக்கோங்க, அவ தூங்கட்டும்" என்றார். பேசும்போதே அவர் கண் மானிட்டரில் இருந்தது. அதன்பின் அந்த அம்மாள் வம்சப் பேச்சை எடுக்கவில்லை.

இதைப் பெண்ணின் இயல்பான இரக்கம் என்று சொல்வது அந்த சிஸ்டரை அவமதிப்பது. குறைப்பிரசவம் ஏன் நேர்கிறது என்பது அவருக்குத் தெரியும். பிஞ்சுக் குழந்தையை எப்போது தொடலாம், குழாயில் போகும் பாலை எப்போது பாலாடைக்கு மாற்றலாம் என்பது தெரியும். பழி எந்தப் பக்கமிருந்து வருகிறது, அதை எப்படித் திருப்பலாம் என்பதும் தெரியும். இது கற்றுத் தேர்ந்த வேலை.

மருத்துவமும் இதைத்தான் சொல்கிறது. 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் தொடங்கிய கங்காரு பராமரிப்பை, பிறந்தவுடனேயே ஆரம்பிக்கும்படி 2022இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளில் நடந்த ஆய்வில், அப்படி உடனே தொடங்கியபோது எடை குறைந்த குழந்தைகளின் இறப்பு நான்கில் ஒரு பங்கு குறைந்தது. தாயின் நெஞ்சே சிகிச்சை என்றால், பயந்துபோன தாயை அந்த நாற்காலியில் உட்காரவைக்கிறவரும் சிகிச்சை அளிக்கிறவர்தான்.

அந்த வேலைக்கு நாம் கொடுத்தது என்ன? 2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாகத் தேர்வெழுதி வந்த ஆயிரக்கணக்கான செவிலியர்களுக்குத் தமிழ்நாட்டு அரசு கொடுத்த தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். இரண்டு ஆண்டில் நிரந்தரம் என்ற வாக்குறுதி காற்றில் போனது. 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் அவர்கள் உட்கார்ந்தபோது, நோயாளிகளைத் தவிக்கவிடலாமா என்று உபதேசம் செய்தோம். உயர் நீதிமன்றம் போராட்டத்துக்குத் தடை விதித்தது. தேவதை உரிமை கேட்டால் ஒரே நாளில் அரக்கியாகிவிடுகிறாள்.

"பிரசவ அறையில் கத்துகிற, தொடையில் அடிக்கிற நர்ஸுகளும் இருக்கிறார்களே?" என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள். அந்தச் சொற்கள் பெரும்பாலும் ஏழைப் பெண்ணின், தலித் பெண்ணின் மேல்தான் விழுகின்றன. அதிகாரியின் மனைவி மேல் விழுவதில்லை. வேலைப்பளுவைக் காட்டி அதை நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் இரக்கத்தைப் பிறவிக்குணம் என்று நம்பும்வரை கத்துகிறவரை என்ன செய்ய முடியும்? குணம் கெட்டவள் என்று திட்டிவிட்டு வரலாம், அவ்வளவுதான். அது வேலையின் பகுதி என்றால் பயிற்சி கேட்கலாம், புகார் கொடுக்கலாம், பதில் வாங்கலாம். கருணையை வேலையாக ஒப்புக்கொள்வதில் செவிலியருக்கு மட்டுமல்ல, கட்டிலில் கிடக்கும் பெண்ணுக்கும் உரிமை பிறக்கிறது.

மூன்று நான்கு பச்சிளம் குழந்தைகளுக்கு ஒரு செவிலியர் என்பது அரசின் சொந்த வழிகாட்டுதல். நான் அந்த வார்டுக்குப் போன ஓர் இரவில் பதினோரு குழந்தைகளுக்கு ஒருவர் இருந்தார். பதினோரு குழந்தை என்றால் பதினோரு தாய், வாசலில் பதினோரு குடும்பம். இந்தக் கணக்கில் எந்தத் தாயிடம் நின்று பேச முடியும்? இரக்கம் வற்றுவது நெஞ்சில் அல்ல, பணிப் பட்டியலில்.

மாணவிகளே, அடுத்த மே 12இல் உங்களை மேடையில் கவிதை வாசிக்கக் கூப்பிடுவார்கள். தேவதை, மெழுகுவத்தி எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள். இந்த ஊர் மருத்துவமனையில் இரவில் எத்தனை குழந்தைக்கு எத்தனை செவிலியர், அவர்களில் எத்தனை பேர் நிரந்தரம், என்ன சம்பளம் என்று கேளுங்கள். பதில் வரும்வரை மைக்கைக் கொடுக்காதீர்கள்.