மேம்பாலத்து நிழல் யாருக்கு?

சென்னையில் நான் தினமும் பேருந்துக்கு நிற்கும் இடத்துக்கு எதிரே ஒரு மேம்பாலம். சில ஆண்டுகளுக்கு முன்புவரை அதன் அடியில் ஓர் இட்லிக்கடை இருந்தது. செருப்பு தைக்கும் பெரியவர் ஒருவர் இருந்தார். இரவில் மூன்று குடும்பங்கள் அங்கேயே படுத்துக்கொள்ளும். இன்று தூண்களில் ஓவியம், சுற்றிலும் கம்பிவேலி, உள்ளே செடிகள், இருக்கைகள்.

போன மாதம் ஒரு மதியம், தூய்மைப் பணியாளர் அக்கா ஒருவர் சாப்பாட்டு டப்பாவோடு அங்கே வந்து உட்கார்ந்தார். காவலாளி வந்து எழுப்பினார். "இங்க சாப்பிடக் கூடாதும்மா, குப்பையாகும்." காலையில் அந்த இடத்தைக் கூட்டியதே அந்த அக்காதான். பக்கத்து இருக்கையில் நான் காபி குடித்துக்கொண்டிருந்தேன். என்னை யாரும் எழுப்பவில்லை.

சாலை போட்டபின் மிஞ்சும் இடங்களைப் பொது இடமாக்கும் திட்டங்களை நான் எதிர்க்கவில்லை. கத்திப்பாரா மேம்பாலத்தின் கீழ் 2021 டிசம்பரில் நகர்ப்புறச் சதுக்கம் திறக்கப்பட்டபோது மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். ஒண்டிக்குடித்தனத்தில் வாழும் மக்களுக்கு உட்கார ஒரு நிழல் வேண்டும், பிள்ளைகளுக்கு ஓடியாட இடம் வேண்டும். என் கேள்வி ஒன்றுதான்: நாம் சொல்லும் 'பொது'வில் யாரெல்லாம் அடக்கம்?

திட்ட அறிக்கைகள் இவற்றைக் 'காலி இடம்' என்கின்றன. காலியாக இருந்தால் அங்கிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்கள் யார்? 'புறம்போக்கு' என்ற சொல்லை நினைத்துப் பாருங்கள். தீர்வை விதிக்காமல் பொதுப் பயன்பாட்டுக்கு விடப்பட்ட நிலத்துக்கு வருவாய்த்துறை வைத்த பெயர் அது. அதில் குடியிருந்தவர்கள் பெரும்பாலும் நம் மக்கள் என்பதால், இந்தச் சமூகம் அதை வசைச்சொல்லாக்கியது. நிலத்துக்கு மதிப்பு வந்தவுடன் அதே மக்கள் 'ஆக்கிரமிப்பாளர்கள்' ஆகி, கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டார்கள்.

பொது இடம் என்பது நமக்குத் தானாகக் கிடைத்ததல்ல. 1924இல் வைக்கம் போராட்டம் நடந்தது கோயிலைச் சுற்றியிருந்த தெருக்களில் நடப்பதற்காக. அதே ஆண்டு, பொதுச் சாலைகளும் கிணறுகளும் அனைவருக்கும் உரியவை என்ற தீர்மானத்தைச் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தார் இரட்டைமலை சீனிவாசன். மகாடு நகராட்சியும் 1924இலேயே தன் குளத்தைத் தீண்டப்படாதோருக்கும் திறந்துவிடுவதாகத் தீர்மானம் போட்டுவிட்டது. ஆனால் தண்ணீரைத் தொட 1927 மார்ச்சில் அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோரோடு நடந்து போக வேண்டியிருந்தது. பொது என்று அறிவிப்பது வேறு, பொதுவாக இருப்பது வேறு என்பதைத்தான் மகாடு நமக்குச் சொல்கிறது.

இன்று சாதியைச் சொல்லி யாரும் தடுப்பதில்லை. வேலி, காவலாளி, காசு கொடுத்தால் மட்டும் கிடைக்கும் தண்ணீர், படுக்க முடியாதபடி நடுவில் கம்பி வைத்த இருக்கை ஆகியவை அந்த வேலையைச் செய்கின்றன. 2025 ஆகஸ்டில் தனியார்மயத்தை எதிர்த்து ரிப்பன் மாளிகை முன் நடைபாதையில் 13 நாள்கள் அமர்ந்திருந்த தூய்மைப் பணியாளர்கள், நள்ளிரவில் அப்புறப்படுத்தப்பட்டார்கள். நடைபாதையை மறிக்கிறார்கள் என்பது அவர்கள்மீது வைக்கப்பட்ட குற்றச்சாட்டுகளில் ஒன்று. அந்த நடைபாதையைக் கூட்டும் கைகள் அவர்களுடையவை.

"பாலத்துக்கு அடியில் குடியும் கஞ்சாவும்தானே இருந்தது, பெண்கள் பயமில்லாமல் போக முடிந்ததா?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் இரவு பதினோரு மணிவரை அங்கே அடுப்பு எரிய வைத்திருந்தவர் இட்லிக்கடை அக்கா. அவர் இருந்தவரை அந்த இடத்தில் வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் இருந்தன. அவரை வெளியேற்றித்தான் பாதுகாப்பைக் கொண்டுவர வேண்டுமா?

செய்ய வேண்டியவை எளியவை. வேலை தொடங்கும் முன் அங்கே யார் இருக்கிறார்கள் என்று கணக்கெடுக்க வேண்டும். 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம், கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் தரும்வரை யாரையும் வெளியேற்றக் கூடாது என்கிறது. நகர விற்பனைக் குழுவில் 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் வியாபாரிகள் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. வீடற்றவர்களுக்கு வேலை செய்யும் இடத்துக்கு அருகிலேயே தங்குமிடம் தர வேண்டும். இலவசக் குடிநீர், கழிப்பறை, பணியாளர்கள் சாப்பிட்டு ஓய்வெடுக்க நிழல் ஆகியவை ஓவியத்துக்கு முன்பே வரைபடத்தில் இடம்பெற வேண்டும்.

தோழர்களே, உங்கள் வார்டில் பகுதி சபை கூடும்போது போங்கள். பாலத்துக்கு அடியில் வேலி எதற்கு, அங்கே இருந்தவர்கள் எங்கே என்று கேளுங்கள். அன்று அந்த அக்காவுக்காக நான் வாய் திறக்கவில்லை. அடுத்த கூட்டத்தில் திறப்பேன்.