ஊரில் தோணி இருக்க, உங்களுக்கு எதுக்குய்யா கடற்கொள்ளையன் கப்பல்?

தலைப்பைப் பார்த்து கிரிக்கெட் மேட்டர் என்று ஓடி வந்த மக்களுக்கு முதலில் ஒரு ஸாரி. அவர் ரெண்டு சுழி 'னி'. நான் சொல்வது மூணு சுழி. தூத்துக்குடி பழைய துறைமுகத்தில் வெங்காயமும் செங்கல்லும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போகுமே, அந்த மரத்தோணி.

டேபிள்டாப் ரோல்பிளேயிங் என்றால் என்ன என்று இன்னும் கேட்கிற பி.காம் நண்பர்களுக்கு நாலு வரி. ஐந்தாறு பேர் மேசையைச் சுற்றி உட்கார வேண்டியது. ஒருத்தர் கதை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். என்ன செய்கிறேன் என்று வாயால் சொல்ல வேண்டும், நடந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். 1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'தான் இதற்கெல்லாம் தாத்தா. சண்டை வந்தால் யார் எங்கே நிற்கிறார் என்று குழப்பம் வரும் இல்லையா? அதற்காகக் கட்டம் போட்ட படம் ஒன்றை மேசையில் விரிப்பார்கள். அதுதான் பேட்டில் மேப். ஒரு அங்குலக் கட்டம் என்றால் விளையாட்டில் ஐந்து அடி.

சரி, மேட்டருக்கு வருவோம். கடல் கதை என்றதும் நம்ம பசங்க முதலில் செய்வது என்ன? இணையத்தில் 'பைரேட் ஷிப் மேப்' என்று தேடுவது. மூன்று அடுக்கு, நாற்பது பீரங்கி, கேப்டன் அறையில் மெழுகுவர்த்தி, மேல்தளத்தில் ஏற்கெனவே செத்துக் கிடக்கும் இரண்டு பிணம், உடைந்த பாய்மரம், ஓரத்தில் எரியும் நெருப்பு. படம் பிரமாதம். அந்தப் படத்தை வரைந்தவர் கையில் மோதிரம் போடலாம். ஆனால் அடுத்த வாரம் அதே கப்பல் துறைமுகத்தில் சும்மா நிற்க வேண்டும் என்றால் அந்தப் பிணங்களை என்ன செய்வீர்கள்? நெருப்பை யார் அணைப்பது? ஒரு தடவை விளையாடினால் முடிந்தது. அடுத்த கதைக்கு அடுத்த மேப், அடுத்த கலர் பிரிண்ட். எங்கள் செட்டில் ஒருத்தன் கம்ப்யூட்டரில் நூற்றுக்கணக்கில் கப்பல் படம் சேர்த்து வைத்திருக்கிறான். விளையாடியதை விட இறக்கியதுதான் அதிகம்.

காமர்ஸ் படிக்கிறவன் என்பதால் கணக்குப் பேசாமல் இருக்க முடியவில்லை. ஒரு பெரிய கலர் பிரிண்ட் 40 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று அடுக்குக்கு மூன்று தாள், 120 ரூபாய். ஒரு தடவைதான் பயன் என்றால் ஒரு ஆட்டத்துக்குச் செலவு 120. இதே 120 ரூபாயில் ஒரு காலி மேப்பை அச்சடித்து, லேமினேஷன் போட்டு, அழியக்கூடிய மார்க்கரால் எழுதி எழுதித் துடைத்து முப்பது தடவை விளையாடினால் ஆட்டத்துக்கு நாலு ரூபாய். முதல் செமஸ்டரிலேயே நிலையான செலவைப் பற்றி நமக்குச் சொல்லிக் கொடுத்தாயிற்று, பரீட்சையில் எழுதிவிட்டு வாசலிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டோம். எழுதித் துடைக்கும் விரிப்புகளை வெளிநாட்டு கம்பெனிகளே பல வருஷமாக விற்கின்றன, பைசோ கம்பெனியின் 'ஃப்ளிப்-மேட்' மாதிரி. ஆக, மறுபடி மறுபடி பயன்படுகிற கப்பல் மேப் என்பது நான் கண்டுபிடித்தது இல்லை. என் சண்டை அது எந்தக் கப்பல் என்பதில்தான்.

ஒரே மேப்பை முப்பது தடவை மேசையில் போடப் போகிறோம் என்றால், அந்தக் கப்பலில்தான் நம் கற்பனை குடியிருக்கப் போகிறது. ஒரு தடவை பார்த்துத் தூக்கிப்போடும் படம் எந்த நாட்டுக் கப்பலாக இருந்தாலும் கவலை இல்லை. முப்பது தடவை என்றால் யோசிக்க வேண்டும்.

2019-ல் வந்த 'கோஸ்ட்ஸ் ஆஃப் சால்ட்மார்ஷ்' புத்தகத்தில் கப்பல்களுக்கென்றே விதிகள் உண்டு, ஆறு வகைக் கலம். நீள்படகு, போர்க்கப்பல் எல்லாம் இருக்கிறது. நம்ம தோணி கிடையாது. அவர்கள் எழுதவில்லை என்று கோபப்பட எனக்கு நியாயம் இல்லை, அவர்கள் ஊர் அது. துறைமுகத்து ரோட்டில் தினமும் சைக்கிளில் போகிற நாம் எழுதாததுக்குத்தான் கோபம்.

தோணி மேப்பாக எவ்வளவு வசதி என்று பாருங்கள். என் மேப்பில் நீளம் 100 அடி, அகலம் 25 அடி. கட்டக் கணக்கில் இருபதுக்கு ஐந்து. இரண்டு ஏ4 தாளை நீளவாக்கில் ஒட்டினால் முடிந்தது. மேலே ஒரே தளம், நடுவில் சரக்கு இறக்கும் கிடங்கு, முன்னால் அணியம், பின்னால் சுக்கான், நட்டுவைத்த பாய்மரம். ஒரு சண்டைக்காக மூன்று தாளுக்கு நடுவில் 'நீ எந்த மாடியில் இருக்கே' என்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

'ஒரே மேப் போரடிக்காதா?' என்பான் நம்ம நூறு மேப் நண்பன். அடிக்காது. ஏன் என்றால் தோணியில் தளத்தை மாற்றுவது சரக்கு. அட்டையில் சின்னச் சின்னத் துண்டுகள் வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். இந்த வாரம் வெங்காய மூட்டை: அதன் பின்னால் ஒளியலாம், கத்தியால் கிழித்தால் தளமெல்லாம் உருளும், ஓடுகிறவன் வழுக்கி விழுவான். அடுத்த வாரம் செங்கல்: ஒளியவும் செய்யலாம், எடுத்து எறியவும் செய்யலாம். உப்பு ஏற்றினால் தண்ணீர் படாமல் காப்பாற்றுவதே ஒரு ஆட்டம். திரும்பி வரும்போது காலித் தோணி: ஒளிய இடமே இல்லை, அதுவே பயம். சதுரங்கப் பலகையில் எத்தனை நூற்றாண்டாக அதே அறுபத்து நாலு கட்டம்? யாராவது 'புதுப் பலகை கொண்டா' என்று கேட்டார்களா?

இனி கதை. நம்ம கடற்கரையில் கதைக்குப் பஞ்சம் என்று சொல்கிறவன் வாயில் ஒரு கைப்பிடி உப்பளத்து உப்பைப் போட வேண்டும் (அன்போடுதான்).

மார்க்கோ போலோ இந்தப் பக்கத்து முத்துக்குளிப்பைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். கிடைப்பதில் பத்தில் ஒன்று அரசனுக்கு. இருபதில் ஒன்று யாருக்குத் தெரியுமா? பெரிய மீன்கள் குளிகாரர்களைத் தொடாமல் மந்திரத்தால் கட்டி வைப்பவர்களுக்கு! அந்தக் கட்டு பகலுக்கு மட்டும்தானாம். ராத்திரி அவிழ்த்துவிடுவார்களாம், அப்போதுதான் திருட்டுத்தனமாக யாரும் முங்க மாட்டார்கள். மக்கா, மந்திரத்துக்குக் கால அளவு, கூலி, பாதுகாப்பு எல்லாம் சேர்த்து ஒரு முழு கேரக்டர் கிளாஸே இது. இவர்களுக்குப் பின்னாளில் கடல்கட்டி என்று பெயரும் இருக்கிறது. இதை வைத்துக்கொண்டு நாம் ஐரோப்பியக் கோவில் பூசாரியாக வேஷம் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

சண்டைதான் வேணும் என்பவர்களுக்கு 1538 வேதாளை. மண்டபத்துக்குப் பக்கம். முத்துக்கரையைப் பிடிக்க ஒரு பக்கம் மார்ட்டிம் அஃபோன்சோ டி சோசா தலைமையில் போர்த்துகீசியர், மறு பக்கம் சாமூதிரியின் ஆதரவோடு வந்த மரைக்காயர்கள், நடுவில் பரதவர்கள். இரு தரப்பிலும் துடுப்பு வலித்த சிறு கலங்களே அதிகம். படத்தில் வருகிற நாற்பது பீரங்கிக் கப்பலை அந்த ஆழமில்லாத கடலில் கொண்டுவந்தால் தரை தட்டி நிற்கும், பகடை உருட்டவே வேண்டாம்.

எனக்குப் பிடித்தது 1907. வ.உ.சி. 1906-ல் தொடங்கிய சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனிக்கு 'காலியா', 'லாவோ' என்று இரண்டு கப்பல். எதிரி பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன். கட்டணத்தை அவன் குறைக்க, இவர் குறைக்க, கடைசியில் வெள்ளைக்காரக் கம்பெனி இலவசமாகவே ஏற்றி, கையில் ஒரு குடையும் கொடுத்தது என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். இதில் தோணி எங்கே வந்தது என்கிறீர்களா? அன்றைக்குத் தூத்துக்குடியில் கரையோரம் ஆழம் கிடையாது. நீராவிக் கப்பல் பல மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். ஆளும் சரக்கும் சின்னக் கலங்களில்தான் போய் ஏற வேண்டும். அந்த ஒரு பயணத்தை யோசியுங்கள். தளம் முழுக்க கொழும்புக்குப் போகிற ஜனம். அதில் குடையை ஆட்டி ஆசை காட்டுகிறவன் ஒருத்தன், சுதேசிக் கப்பலுக்கு வாங்க என்று கெஞ்சுகிறவன் ஒருத்தன், இரண்டு பேரையும் கவனித்துக் குறிப்பெடுக்கும் போலீஸ்காரன் ஒருத்தன். கத்தி வேண்டாம், வாய் போதும். கப்பல் பக்கத்தில் போய்ச் சேருவதற்குள் எத்தனை தலை யார் பக்கம் என்பதுதான் ஆட்டம். 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதாகிறார், 1911-ல் கம்பெனி கலைக்கப்படுகிறது. முடிவு தெரிந்த பின்னும் ஒவ்வொரு தலையையும் வென்றெடுக்க ஆள் போராடும் பாருங்கள், அது தனி வெறி. அதே இருபதுக்கு ஐந்து தாள்தான்!

'இது ஃபேண்டசி கேம், சரித்திரப் பாடம் இல்லை' என்று ஒரு வாதம் எப்போதும் வரும். நல்லது. டிராகன் வரட்டுமே, யார் தடுத்தது? டிராகன் தோணியில் இறங்கக் கூடாதா? உங்கள் பாய்மரக் கப்பல் மட்டும் ஆகாயத்திலிருந்தா குதித்தது? அது இன்னொருத்தன் ஊர்ச் சரித்திரம், அவ்வளவுதான்.

நான் இவ்வளவு கத்துவதற்குக் காரணம் வேறு. எங்கள் செட்டில் ஒரு பையன் இருக்கிறான். வீட்டில் தாத்தா காலத்திலிருந்து தோணி வேலை. கொள்ளையர் கப்பல் மேப் விரிந்த நாளெல்லாம் அவன் வாயே திறந்ததில்லை. தளத்துக்குத் தளம் ஒரு ஆங்கிலப் பெயர், அதைத் தெரிந்து வைத்திருப்பவன் பேச, மற்றவன் கேட்க. தோணித் தாளை விரித்த அன்று அவன் சொன்ன முதல் வாக்கியம், 'ஏல, மூட்டையெல்லாம் ஒரு பக்கமா அடுக்கிருக்க, சாஞ்சிரும்லா.' அன்றைக்கு விதிப் புத்தகத்தை யாரும் திறக்கவில்லை. காற்று மாறினால் பாயை என்ன செய்வது, தண்டல் என்ன சொல்வார், யார் எங்கே ஓட வேண்டும் என்று அவன் சொல்லச் சொல்ல நாங்கள் பகடை உருட்டினோம். கதை நடத்துபவனே அவனிடம் சந்தேகம் கேட்டான். ஜோ டி குரூஸ் 'கொற்கை' நாவலில் இந்த உலகத்தைத்தான் எழுதினார், 2013-ல் சாகித்ய அகாடமி விருதும் கிடைத்தது. அந்த உலகத்து ஆள் ஒருத்தன் நம் மேசையிலேயே உட்கார்ந்திருக்க, அவனுக்குப் புரியாத கப்பலை விரித்து வாயடைக்க வைப்பது எவ்வளவு பெரிய அநியாயம்?

ஒரு நியாயமான ஆட்சேபம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். முத்துக்குளிக்கு முழுத் தோணி மேப் பெரிது, அங்கே முக்கியம் தண்ணீருக்கு அடியில். அதற்கு என் வழி: ஒரு தாளை மட்டும் எடுங்கள், அது வள்ளம். இன்னொரு தாளைத் திருப்பிப் போடுங்கள், வெறும் கட்டம், அது பார். தோளாயிரம் பார் என்று தலைப்பு எழுதிக்கொள்ளலாம், நிஜமாகவே அந்தப் பெயரில் தூத்துக்குடிக்கு வெளியே முத்துச்சிப்பித் திட்டு இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு நிஜ நூல். மேலே கயிறு பிடிப்பவர் ஒரு ஆட்டக்காரர், கீழே முங்குபவர் இன்னொருத்தர். கீழே இருப்பவர் பேசக் கூடாது, நூலை இழுக்க மட்டும் செய்யலாம். கயிறு பிடிக்க மச்சானைத்தான் வைப்பார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு, தங்கச்சி தாலி அவன் கையில் இருக்கிறதே! உங்கள் செட்டில் யார் கையில் கயிறைக் கொடுப்பீர்கள் என்று முதலிலேயே முடிவு பண்ணிக்கொள்ளுங்கள், பாதி சண்டை அங்கேயே ஆரம்பிக்கும்.

1961-க்குப் பிறகு இங்கே பெரிய முத்துக்குளிப்பு நடக்கவில்லை. சிப்பியைத் திறக்காமலே குவியல் குவியலாக ஏலம் விடுவார்கள், உள்ளே முத்து இருக்கா இல்லையா என்பது வாங்குகிறவன் தலையெழுத்து. இந்தச் சனிக்கிழமை அந்த ஏலத்தைத்தான் வைக்கப் போகிறோம், குவியலுக்கு ஒரு இருபது முகப் பகடை. தோணித் தாளையும் அட்டை மூட்டைகளையும் நான் கொண்டு வருகிறேன். நூல்கண்டு யாராவது கொண்டு வாங்க.