நடக்கவும் முன்பதிவா?

நாற்பது தடங்கள், பதினான்கு மாவட்டங்கள், இணையத்தில் முன்பதிவு, கூட வர வழிகாட்டி. 2024 அக்டோபரில் தொடங்கிய அரசின் மலையேற்றத் திட்டத்தைப் பற்றி வாசகர்களுக்குப் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை. ஆற அமர அந்தப் பட்டியலைப் பார்த்தோம். நீலகிரி இருக்கிறது, கோவை இருக்கிறது, தேனி இருக்கிறது. நம்மைச் சுற்றியுள்ள தென்காசி, திருநெல்வேலி, விருதுநகர்கூட இருக்கின்றன. தூத்துக்குடி மாவட்டம் இல்லை. கரிசல்காட்டில் நடந்து பார்க்க என்ன கிடக்கிறது என்று கோட்டையில் யாரோ முடிவு கட்டிவிட்டார்கள்.

திட்டமே கூடாது என்று நாம் சொல்லவில்லை. மலைவாழ் இளைஞர்களுக்கு வழிகாட்டி வேலை கிடைத்திருப்பது நல்ல காரியம். கோடையில் தீ பரவும் மாதங்களில் தடங்களை மூடுவதும் சரிதான். 2018 மார்ச் 11-இல் குரங்கணியில் பற்றிய தீ மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டவர்களின் உயிர்களைக் கொண்டுபோன பிறகு அதை எதிர்த்துப் பேச யாருக்கும் வாய் வராது. நம் ஆத்திரம் வேறு. நடை என்றால் மலை, மலை என்றால் காடு, காடு என்றால் வனத் துறை, வனத் துறை என்றால் ரசீது. இந்தக் கணக்கில் சமவெளியில் நடக்கிறவன் எங்கே வருகிறான்?

இடைசெவலையே எடுத்துக்கொள்வோம். கி.ராஜநாராயணனும் கு.அழகிரிசாமியும் பிறந்த ஊர். இரண்டு சாகித்ய அகாதெமி விருதுகள் பெற்ற சிற்றூர்கள் நாட்டில் எத்தனை இருக்கும் என்று தெரியவில்லை. இருவரின் எழுத்தையும் படித்துவிட்டு அந்தத் தெருவையும் காட்டையும் பார்க்க வெளியூரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். கோவில்பட்டியில் 2022-இல் கி.ரா.வுக்கு நினைவரங்கம் திறந்தார்கள், வரவேற்றோம். அந்த நினைவரங்கத்தைப் பார்த்த கையோடு ஒருவர் இடைசெவலுக்கு நடந்து போக ஆசைப்பட்டால்? நாலாட்டின்புத்தூர் வழியாக நான்குவழிச் சாலையின் ஓரம்தான் கதி. கண்டெய்னர் லாரி உரசிக்கொண்டு போகும் அந்த ஓரத்தில் கரிசல் இலக்கியத்தை நினைத்தபடி நடக்கலாம். உயிரோடு ஊர் போய்ச் சேர்ந்தால் அதிர்ஷ்டம்.

சாலையை விட்டுக் காட்டுக்குள் இறங்கி நடக்கலாமே என்பீர்கள். அங்கேதான் விஷயம் இருக்கிறது. இந்தப் பக்கத்துக் கிராமங்களை ஒரு காலத்தில் வண்டிப்பாதைகள்தான் இணைத்தன. வட்டாட்சியர் அலுவலகத்தில் கிராம வரைபடத்தை விரித்தால் வண்டிப்பாதை, நடைபாதை, ஓடை என்று கோடு கோடாகத் தெரியும். பதிவேட்டில் புறம்போக்கு என்று எண் போட்டிருக்கும். தாளை மடித்துவிட்டு நேரில் போய்ப் பாருங்கள். இரண்டு மாடு பூட்டிய வண்டி போன இடத்தில் இன்று ஒற்றை ஆள் போக முடியாது. பக்கத்துப் புஞ்சைக்காரர் வருஷத்துக்கு ஒரு சால் தள்ளி உழுகிறார், பாதை வரப்பாகிறது. காற்றாலைக்குக் கனரக வண்டி போக வேண்டுமென்றால் புதுச் சாலை முளைக்கிறது, பழைய தடம் அதன் அடியில் போகிறது. சூரிய மின்தகடு பதித்த இடத்தில் கம்பி வேலி வருகிறது, சுற்றிக்கொண்டு போ என்கிறார்கள். 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் பொதுப்பாதை பட்டாவுக்குள் போய்விட்டது என்ற புகார் இல்லாத வட்டம் உண்டா? மனு கொடுத்தவர்கள் கிழவர்களாகிவிட்டார்கள், மனு மட்டும் பரிசீலனையில் இருக்கிறது.

மிச்சம் இருந்த பாதைகளை வேலிக்காத்தான் என்கிற சீமைக்கருவேலம் தின்றது. அது தானாக வந்த செடி இல்லை என்பதை மறந்துவிடக் கூடாது. விறகுப் பஞ்சம் தீரும் என்று சொல்லி அரசே விதை தூவி வளர்த்த மரம். ஊர் முழுக்க மண்டி, கண்மாயை அடைத்து, பாதையில் முள்ளை இறைத்த பிறகு, 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வெட்டு என்றது. கொஞ்ச நாள் இயந்திரங்கள் உறுமின. பிறகு வழக்கு, தடை, மௌனம். 2022-இல் அந்நிய மரங்களை அகற்றத் தனிக் கொள்கையே வந்தது. கொள்கை வந்து என்ன, முள் இன்னும் அதே இடத்தில்தான் நிற்கிறது. விதைத்த கையும், வெட்டுகிறேன் என்று அறிவித்த கையும், இப்போது நடைக்கு முன்பதிவு செய்யச் சொல்லும் கையும் ஒன்றுதான்.

இதே கைதான் குரங்கணிக்குப் பிறகும் வேலை செய்தது. விசாரணைக்கு ஓர் அதிகாரியை அமர்த்தினார்கள், அந்த ஆண்டே மலையேற்ற விதிகளும் வந்தன. தீயில் சிக்கியவர்களில் ஒரு பகுதியினர் 2008-இல் தொடங்கிய சென்னை மலையேற்றக் குழுவின் ஏற்பாட்டில் போனவர்கள். அந்தக் குழுவிடம் கேள்வி கேட்டது நியாயம். ஆனால் நடைக்குழு என்றாலே குற்றவாளிக் கூட்டம் என்று பார்க்கும் பழக்கம் அதோடு ஒட்டிக்கொண்டது. அதே குழு கடற்கரையில் குப்பை அள்ளியதையும் ஊர் பார்த்தது. பாதையைப் பாதையாக வைத்திருப்பது அதில் நடக்கும் கால்கள்தான். ஆள் நடமாட்டம் நின்ற தடத்தில் இரண்டே மழையில் முள் முளைத்துவிடும். நடப்பவர்களைச் சேர்த்துக்கொண்டு பாதையைக் காப்பது எப்படி என்று யோசித்திருக்க வேண்டிய நேரத்தில், அவர்களை வாடிக்கையாளர்களாக மாற்றுவது எப்படி என்று யோசித்திருக்கிறார்கள்.

இங்கிலாந்தில் 1932-இல் கிண்டர் ஸ்கவுட் மேட்டில் அத்துமீறி ஏறி நடந்த தொழிலாளர்களில் சிலரைச் சிறையில் போட்டார்கள். 1949-இல் அதே நாட்டின் நாடாளுமன்றம் ஊர்ப்பாதைகளை எல்லாம் வரைபடத்தில் ஏற்றிப் பாதுகாக்கச் சட்டம் செய்தது. நடைச் சங்கங்கள் விடாமல் கத்தியதால் வந்த சட்டம் அது. நம்மிடம் வரைபடம் முதலிலேயே இருக்கிறது. பாதையைத்தான் காணோம்.

கரிசலில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் மார்கழியில் வரட்டும். ஐப்பசி, கார்த்திகையில் வந்தால் மண் செருப்போடு காலையும் பிடுங்கிக்கொள்ளும், அது வேறு கதை. மார்கழி பிறந்துவிட்டால் உளுந்தும் பாசியும் மல்லியும் சூரியகாந்தியுமாகக் கண்ணுக்கு எட்டிய தூரம் பச்சை. குருமலைக் காட்டில் புள்ளிமான் இருக்கிறது. கழுகுமலையில் ஒரே பாறையில் குடைந்த வெட்டுவான் கோயிலும் சமணச் சிற்பங்களும் ஆயிரத்து இருநூறு ஆண்டுகளாக இருக்கின்றன. கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட கயத்தாறு இடைசெவலுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. எட்டயபுரத்தைச் சொல்லவே வேண்டாம். இவை எல்லாம் பேருந்து நிறுத்தங்களாக இருக்கின்றன, நடைவழியாக ஒன்றுகூட இல்லை.

நடப்பவர்கள் இல்லாமலும் இல்லை. தைப்பூசத்துக்குப் பச்சை உடுத்தித் திருச்செந்தூருக்கு, ஆடி வெள்ளிக்கு இருக்கன்குடிக்கு, ஆகஸ்ட் 15-க்கு, வீரமாமுனிவர் பணியாற்றிய காமநாயக்கன்பட்டிக்கு என்று சாரை சாரையாக நடக்கிறது இந்த மண். அத்தனை பேரும் தார்ச்சாலையில்தான் நடக்கிறார்கள். விபத்துச் செய்தி வராத பாதயாத்திரைக் காலம் உண்டா? ஒவ்வொரு முறையும் ஆழ்ந்த இரங்கல், முதுகில் ஒட்ட ஒரு ஒளிரும் ஸ்டிக்கர். அதற்குப் பெயர் ஏற்பாடு!

வண்டிப்பாதைகளை மீட்கவும், அவற்றைப் பார்த்துக்கொள்ள ஊர்க்காரர்களையும் நடைக்குழுக்களையும் சேர்க்கவும் ஏதாவது ஒரு வழி காண வேண்டும். வருவாய்த் துறையா, ஊரக வளர்ச்சித் துறையா, வனத் துறையா, யார் முன்வந்தாலும் சரி. வழக்கம்போல மூவரும் ஒருவரை ஒருவர் கைகாட்டப் போகிறார்கள் என்றால், தயவுசெய்து அடுத்த பட்டியலிலும் தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்க்காமலே விட்டுவிடுங்கள். பாதையும் இல்லாத ஊரில் கட்டணம் மட்டும் எதற்கு?